கிழக்கால ஒம்பது ஸ்டெப்பு

ஒம்பது ஸ்டெப்பு. கிழக்கால ஒம்பது ஸ்டெப்பு தள்ளிப் போயி முளக்குச்சிய அடிச்சேன், நான் பண்ணினது அவ்வளவுதான், சுத்தியல் கூட கிடையாது, வரப்புல கெடந்த ஒரு செங்கல்ல எடுத்து தட்டினேன், ஒம்பது ஸ்டெப்புக்கு முன்னாடி நின்ன எடத்துல கால் கணுக்கால் வரைக்கும் புதைஞ்சுது, இங்க வந்தா மண்ணு கெட்டியா இருக்கு, ஆறு தட்டு தட்டினாத்தான் குச்சி எறங்குது, அந்த ஆறு தட்டுல ஒண்ணுலயாவது எனக்கு உறைச்சிருக்கணும்ல, உறைக்கல, ஏன்னா மண்டைக்குள்ள அந்த நேரத்துல ஒரே ஒரு விஷயம்தான் ஓடிட்டிருந்துச்சு, மயில் உள்ளான், மயில் உள்ளான், அந்தப் பறவையோட கூடு, நாலு முட்டை, நாலு வருஷமா தேடறேன், நாலு முட்டை, அதுவும் ஆண் உக்காந்திருக்கு. பின்னாடி வரப்புல இருந்து காப்பீட்டுக் கம்பெனி ஜெரால்டு சார் கேக்கறார், "என்ன மேடம், நின்னுட்டீங்க?" நான் திரும்பாமயே சொல்றேன், "எண்ணிக்கை தப்பிடுச்சு சார், இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம்." என் வாய்தான் சொல்லுச்சு. அவர் சிரிக்கறார், "ஒங்களுக்கே தப்பிடுச்சா, இத எழுதி ஃபிரேம் போட்டு மாட்டணும்." ஒருத்தரும் சந்தேகப்படல. ஏன்னா இந்த வட்டாரத்துலயே ஸ்டெப்பு எண்றதுல என்ன மிஞ்ச ஆள் கிடையாது, நான் மும்முறை தாண்டுதல்காரி, யூனிவர்சிட்டிக்காக பன்னெண்டரை மீட்டர் தாண்டினவ, நூறு மீட்டர நூத்திப் பதினோரு ஸ்டெப்புல நடப்பேன், நீங்க டேப்பு வச்சு அளந்தாலும் ஒரு கைப்பிடிதான் வித்தியாசம் வரும், அதனாலதான் ஆபீஸ்ல எனக்கு ஸ்டெப்பு மேடம்னு பேரு, அதனாலதான் இசக்கியம்மாள்ங்கற என் நெஜப் பேரு இந்த மன்னார்குடிப் பக்கத்துல யாருக்கும் ஞாபகம் இல்ல, அதனாலதான் நான் எண்ணிக்கை தப்பிடுச்சுன்னு சொன்னா அது உண்மைன்னு நம்புவாங்க, பொய் சொல்றதுக்கு இத விட நல்ல காலு யாருக்கு அமையும்.

இருங்க, புரியற மாதிரி சொல்றேன், மோட்டார் கொட்டகைல உக்காந்து போன்ல அடிச்சுட்டிருக்கேன், மத்தவங்க எல்லாம் சாப்பிட்டுட்டிருக்காங்க, நேரம் இருக்கு, மூணு மணிக்குத்தான் அறுப்பு மெஷின் வரும். நான் வேளாண்மை அலுவலர், வேலைக்கு சேந்து பதினாலு மாசம், இன்னும் தகுதிகாண் பருவம் முடியல. பயிர் அறுவடைப் பரிசோதனைன்னு ஒண்ணு இருக்கு. ஊருக்கு நாலு வயல். எந்த வயல், அந்த வயல்ல எந்த எடம், எல்லாத்துக்கும் போன் ஆப்பே நம்பர் குடுத்துரும், நம்ம இஷ்டம் கிடையாது. தென்மேற்கு மூலைல இருந்து நீளத்துல நாப்பத்திரெண்டு ஸ்டெப்பு, அகலத்துல பதினேழு ஸ்டெப்பு, அங்க போயி நின்னு, அஞ்சு மீட்டருக்கு அஞ்சு மீட்டர் கயிறு கட்டி, மூலைக்கு மூலை ஏழு மீட்டர் ஏழு சென்டி வருதான்னு பாத்து, உள்ள இருக்கற கதிர மட்டும் அறுத்து, அடிச்சு, தூத்தி, எடை போடணும். நாலு வயலோட சராசரிதான் அந்த ஊரோட மகசூல். ஒரு கோடு வச்சிருக்காங்க. சராசரி கோட்டுக்குக் கீழ போனா ஊருக்கே பயிர்க் காப்பீடு, மேல போனா ஒருத்தருக்கும் கிடையாது. இந்த ஊர்ல முன்னூத்திச் சொச்சம் குடும்பம். பொங்கலுக்கு முந்தின வாரம் நாலு நாள் விடாம அடிச்ச மழைல கதிரெல்லாம் சாஞ்சு தண்ணிக்குள்ள கெடந்து மொளச்சுப் போச்சு. மூணு வயல் முடிச்சாச்சு, ஆறு புள்ளி ஒண்ணு, அஞ்சு புள்ளி நாலு, ஆறு புள்ளி எட்டு, எல்லாம் கிலோ. கோடு ஏழு புள்ளி நாலு. நாலாவது வயல் இது. நான் ஒம்பது ஸ்டெப்பு தள்ளி அறுத்ததுல பன்னெண்டு புள்ளி நாலு வந்துச்சு. மனக்கணக்கா போட்டேன், அப்புறம் போன்ல போட்டேன், அப்புறம் கொட்டகை செவுத்துல ஆணியால கீறிப் பாத்தேன், மூணு தடவையும் ஏழு புள்ளி ஆறு ஏழு. கோட்டுக்கு மேல. முன்னூத்திச் சொச்சம் குடும்பம், ஒரு உள்ளான். ஆப்புல 'அனுப்பக் காத்திருக்கிறது'ன்னு ஒரு சின்ன வட்டம் சுத்திட்டே இருக்கு, இந்தக் கொட்டகைல சிக்னல் கிடையாது, வாய்க்கால் பாலத்துக்குப் போனா கிடைக்கும், கிடைச்ச நிமிஷம் அதுவா போயிரும், போயிட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அதனால ஏரோப்ளேன் மோடுல போட்டுட்டு உக்காந்திருக்கேன். என் அரசாங்க வாழ்க்கைல நான் பண்ணின ரெண்டாவது தில்லுமுல்லு இது. முதலாவது நாலு மணி நேரத்துக்கு முன்னாடி.

அந்தப் பறவைய நீங்க பாத்திருக்கணும். மத்த எல்லாப் பறவையிலயும் ஆண்தானே பகட்டு, இதுல பொண்ணுதான் அழகு, கழுத்தெல்லாம் செந்தூரக் கலர், முட்டை போட்டுட்டு அடுத்த ஆணத் தேடிப் போயிரும், இவன் பாவம் மங்கலா, காஞ்ச வைக்கோல் மாதிரி, முதுகுல பொன்னுப் பொட்டு வச்சுக்கிட்டு, பத்தொம்பது நாள் அசையாம உக்காந்திருப்பான். நான் அவன மிதிக்கப் போனேன், சத்தியமா, நாப்பத்திரெண்டு முடிச்சு திரும்பி பதினேழாவது ஸ்டெப்பு வைக்க தூக்கின கால், அதுக்குக் கீழ ஒரு கண்ணு. கண்ணச் சுத்தி வெள்ளையா ஒரு கோடு. அவன் பறக்கல. ரெக்கய விரிச்சு பாம்பு மாதிரி ஸ்ஸ்ஸுன்னான், என் கட்டவிரல் அளவு மூக்க வச்சுக்கிட்டு என்ன மெரட்டறான், அறுவத்திரெண்டு கிலோ இருக்கற என்ன. வள்ளியூர்ல அம்மா சொல்லுவா, "ஏட்டி, கொக்குக்கும் குருவிக்கும் நோட்டு போட்டு எழுதுதியே, ஒனக்கு வர்ற வரன ஒரு துண்டுப் பேப்பர்லயாவது எழுதி வச்சியா?" நோட்டுல நூத்தித் தொண்ணூத்தொண்ணு பறவை இருக்கு, மயில் உள்ளானும் இருக்கு, பாத்திருக்கேன், ஆனா கூடு, முட்டை, உக்காந்திருக்கற ஆண், அது இல்ல, அத எழுத ஒரு பக்கமே காலியா விட்டு வச்சிருந்தேன். அந்தக் காலிப் பக்கம்தான் எல்லாத்துக்கும் காரணமோ. அந்தப் பக்கம் நெறஞ்சு இருந்திருந்தா நான் குச்சிய அங்கயே அடிச்சிருப்பேனோ. ச்சே, என்ன கேள்வி இது. சரி, இன்னொரு கேள்வி. அவன் ஏன் அந்த எடத்துல கூடு கட்டினான்? இது கேள்வியே இல்ல, நான் பூச்சியியல்ல எம்.எஸ்ஸி. முடிச்சவ, மயில் உள்ளான் ஈரம் இருக்கற எடத்துலதான் கட்டும், சாஞ்ச பயிர்தான் அதுக்குக் கூரை, சேத்துலதான் அதுக்குச் சாப்பாடு, அப்ப கூடு இருக்கற எடம்னாலே பள்ளம், பள்ளம்னாலே தண்ணி நின்ன எடம், தண்ணி நின்ன எடம்னாலே மகசூல் செத்த எடம். கூட்ட விட்டுத் தள்ளிப் போறதும் நஷ்டத்த விட்டுத் தள்ளிப் போறதும் ஒண்ணுதான். ஒரு பரீட்சைல கேட்டிருந்தா பத்துக்குப் பத்து எழுதியிருப்பேன். வயல்ல நின்னப்ப தெரியல. தெரியலையா? கால் புதைஞ்சுது தெரிஞ்சுது. மண்ணு கெட்டியா இருந்துச்சு தெரிஞ்சுது. கயிறு கட்டினப்ப உள்ள பயிர் நிமிந்து நிக்குதுன்னு தெரிஞ்சுது, ரெண்டு பொம்பளைங்க அறுக்க எறங்கினப்ப அவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க, அது தெரிஞ்சுது. எல்லாம் தனித்தனியா தெரிஞ்சுது. ஒண்ணா சேத்து தராசு சொன்னப்பதான் உறைச்சுது.

ஒரு நிமிஷம், ஜெரால்டு சார் கூப்பிடறார். வந்துட்டேன். ஒண்ணுமில்ல, மீன் வறுவல் வேணுமான்னு கேட்டார், அவர் வேளாங்கண்ணிக்காரர், காப்பீட்டுக் கம்பெனி சார்பா சாட்சிக் கையெழுத்து போட வந்தவர், நல்ல மனுசன், வீட்டுல இருந்து வஞ்சிரம் கொண்டு வந்திருக்கார், வேணாம்னுட்டேன், வாய் கசக்குது. எங்க விட்டேன், ஆங், தராசு. தப்பு தெரிஞ்சும் நிறுத்தாம போறது எனக்குப் புதுசில்ல. ஒரு தடவை ஓடி வர்றப்ப நடந்திருக்கு. தாண்டறதுக்கு முன்னாடி ஓடி வருவோம்ல, பதினெட்டு ஸ்டெப்பு, பதினெட்டாவது பலகைல விழணும், அகில இந்தியப் போட்டி, மூணாவது வாய்ப்பு, பன்னெண்டாவது ஸ்டெப்புலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு அளவு தப்பிடுச்சுன்னு, ஒரு சாண் முன்னாடி போயிட்டேன். அப்படி ஆனா ஓட்டத்த நிறுத்தி வெளிய போயி திரும்ப மொதல்ல இருந்து வரலாம், நேரம் இருந்துச்சு. நான் என்ன பண்ணினேன்னா கடைசி ஆறு ஸ்டெப்ப சின்னச் சின்னதா வச்சு சமாளிச்சேன். பாக்கறவனுக்கு ஒண்ணுமே தெரியாது. பலகைல கரெக்டா கால் விழுந்துச்சு, ஆனா மூணு தாண்டுல ரெண்டாவதுல முட்டிக்குள்ள கரும்பு ஒடிக்கற மாதிரி ஒரு சத்தம். மண்ணுல படுத்துக்கிட்டு வானத்தப் பாத்தேன், பருந்து ஒண்ணு சுத்திட்டிருந்துச்சு, கரும்பருந்தா செம்பருந்தான்னு யோசிச்சேன், எனக்கு வலிக்கறப்பல்லாம் பறவை யோசனைதான் வரும், அது ஒரு வியாதி. ஆபரேஷன் பண்ணின டாக்டர் இனிமே தாண்டாதேம்மான்னார். சரின்னு படிச்சேன், விளையாட்டு ஒதுக்கீட்டுல இந்த வேல கிடைச்சுது, காலால கிடைச்ச வேல. உடம்பு முடிவு பண்ணிடுது, மனசு அப்புறமா மெதுவா வந்து கையெழுத்துப் போடுது, அது மட்டும் மாறவே இல்ல. அன்னிக்காவது என் முட்டி. இன்னிக்கு யாரோட முட்டி? ஊர்ல ஒருத்தர் பேரும் எனக்கு முழுசா தெரியாது. லிஸ்ட் இருக்கு, பேரா இருக்கு, ஆளா தெரியாது. வயலுக்குச் சொந்தக்காரங்களத் தெரியும், சொந்தம் கூட இல்ல, குத்தகைக்குப் பண்றாங்க, செங்கமலம் அக்கா. காலைல வந்ததும் எனக்கு நாற்காலி போட்டு, எளநி வெட்டிக் குடுத்து, "வயசுப் புள்ளைக்கு இந்த வெயில்ல எதுக்கு இந்த வேல"ன்னாங்க. அந்த எளநி இன்னும் வயித்துக்குள்ள கெடக்கு.

சரி யோசிப்போம், விஞ்ஞானி மாதிரி யோசிப்போம். ஒண்ணு, அப்படியே அனுப்பிரலாம். யாருக்கும் தெரியாது. போட்டோல ஜிபிஎஸ் இருக்கு, ஆனா அது பத்து மீட்டர் வரைக்கும் பொறுத்துக்கும், ஒம்பது ஸ்டெப்பு எட்டு மீட்டர்தான், நான் என்ன கணக்கு போட்டா தள்ளினேன், ஆனா கணக்கு போட்ட மாதிரியே அமைஞ்சிருக்கு பாருங்க. நம்பர் மேட்டுல விழுந்திருந்தா அது ஊரோட தலையெழுத்து, யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. நம்பர் பள்ளத்துலதான் விழுந்துச்சு. தலையெழுத்த ஒருத்தி செங்கல்லால அடிச்சு மாத்திட்டா. ரெண்டு, சொல்லிரலாம். சொன்னா என்ன ஆகும்? வேற அதிகாரிங்க மாட்டிக்கிட்ட கதையெல்லாம் கேள்விப்பட்டிருக்கேன், எல்லாருமே பள்ளத்துப் பக்கம் தள்ளி வச்சு மாட்டினவங்க. மேட்டுப் பக்கம் தள்ளினவங்கன்னு ஒருத்தர் கூட கிடையாது, ஏன்னா மேட்டுக்குத் தள்ளினா கையில ஒண்ணும் கிடைக்காது, அது நேர்மை மாதிரியே தெரியும். எடை போட்டதும் ஜெரால்டு சார் சொன்னார், "மூணு வருஷமா இந்த வேலைக்கு வர்றேன் மேடம், உங்கள மாதிரி ஒரு ஆபீசர பாக்கல. மத்தவங்கல்லாம் நேரா போயி சாஞ்ச பயிர்லதான் குச்சி அடிப்பாங்க." கையெழுத்தும் போட்டுட்டார். இப்பப் போயி சார், நான் திரும்பப் பள்ளத்துல அறுக்கணும்னு சொன்னா அவர் என்ன நெனப்பார்? சாப்பாட்டு நேரத்துல யாரோ பேசி முடிச்சுட்டாங்கன்னு நெனப்பார். நானா இருந்தாலும் அதத்தான் நெனப்பேன். தப்புப் பண்ணினப்ப நேர்மைன்னு பேரு, சரி பண்ணினா லஞ்சம்னு பேரு. உள்ளான்னு சொன்னா நம்புவாரா? சார், ஒரு குருவி சார். தகுதிகாண் பருவம், விசாரணை, குற்றச்சாட்டு குறிப்பாணை, அம்மா. அம்மாகிட்ட என்னன்னு சொல்வேன். அப்புறம் முக்கியமான விஷயம், திரும்ப அறுக்கறதுன்னா எங்க? அந்தக் கூடு மேலயே. சதுரத்தோட மூலையே அவன்தான். இதுல இன்னொரு கூத்து என்னன்னா மூணு மணிக்கு மெஷின் வந்தா எப்படியும் அவன் காலி, நான் ஒம்பது ஸ்டெப்பு தள்ளினது அவனுக்கு வாங்கிக் குடுத்தது வெறும் அஞ்சு மணி நேரம். அப்ப நான் நெனச்சேன், செங்கமலம் அக்காகிட்ட சொல்லி அந்த மூலைய மட்டும் பத்து நாள் விட்டுரச் சொல்லலாம்னு. ஆமா, நெனச்சேன். எந்த மொகத்த வச்சுக்கிட்டு இப்பக் கேக்கறது. மணி ரெண்டே கால். வட்டம் சுத்திட்டே இருக்கு. நான் ஏன் இன்னும் அந்தப் போட்டோவப் பாத்துட்டிருக்கேன்னு தெரியல, முளக்குச்சி போட்டோ இல்ல, உள்ளான் போட்டோ, அத எடுக்க மட்டும் நேரம் இருந்துச்சு எனக்கு, ஏழு போட்டோ.

செங்கமலம் அக்கா வந்துட்டுப் போனாங்க. இல்ல, போகல, வெளிய நிக்கறாங்க, நடந்தத அப்படியே அடிக்கறேன். மோர் கொண்டு வந்தாங்க. "சாப்பிடலயாமே மேடம்"னு சொல்லி டம்ளர நீட்டினாங்க. வாங்கினேன். அவங்க போகாம வாசல் நெலையில சாஞ்சு நின்னு, முந்தானையால மொகத்தத் தொடச்சுக்கிட்டு, எங்கயோ பாத்துட்டு, "பன்னெண்டரையா வந்துச்சு?"ன்னாங்க. "பன்னெண்டு புள்ளி நாலுக்கா." "ம்." அப்புறம் சாதாரணமா, சோத்துக்கு உப்பு பத்தலன்னு சொல்ற மாதிரி சொன்னாங்க, "நீங்க பள்ளத்துல போயி நின்னப்ப நான் ஓடைப்பக்கம் நின்னு பாத்தேன். ஆத்தா மகமாயி, சரியான எடத்துல விழுந்திருக்குன்னு கும்பிட்டேன். அப்புறம் நீங்க மேட்டுக்கு நடந்தீங்க. சரி, மேலேருந்து சொல்லி வுட்டுருக்காங்க போலன்னு நெனச்சுக்கிட்டேன்." நான் டம்ளரப் புடிச்சுட்டு உக்காந்திருக்கேன். "யாரும் சொல்லலக்கா." "சொல்லாட்டி என்ன, சொன்னா என்ன. ஒங்க உத்தியோகம் ஒங்களுக்கு. நாங்க கேட்டு என்னத்த ஆவப்போவுது, போன தடவ பக்கத்து ஊர்ல கேட்டவனுக்கு நாலு நடை அலைச்சல்தான் மிச்சம்." கோபம் இல்ல அவங்க குரல்ல. அதுதான் என்னால தாங்க முடியல. நேரா நின்னு கண்ணால பாத்திருக்காங்க, கேக்கல, எளநிக்கு மேல மோர் கொண்டு வந்து குடுக்கறாங்க. எனக்கு அழுகையும் வரல, வாய் மட்டும் தொறந்துச்சு, "அக்கா, அங்க ஒரு உள்ளான் கூடு கட்டியிருக்கு, நாலு முட்டை, அதுக்காகத்தான் தள்ளிப் போனேன்." அவங்க திரும்பி என்னப் பாத்தாங்க. காலைல இருந்து இப்பதான் முழுசா பாக்கறாங்க. "எதுக்கு?" "உள்ளான்க்கா. பறவை." "தெரியும் உள்ளான். முந்தாநேத்தே பாத்துட்டேன். எங்க வூட்டு ஆளு இருந்திருந்தா புடிச்சுக் கொழம்பு வச்சிருப்பாரு." அப்புறம் சிரிச்சாங்க. சத்தமா இல்ல, மூக்கால. "பணம் வாங்கியிருந்தாக் கூட மனசு ஆறியிருக்கும். குருவிக்காவா."

அதுக்கப்புறம் நான் யோசிக்கல, இல்ல, யோசிச்சேன், ஆனா யோசனை முடியறதுக்குள்ள கட்டவிரல் அமுக்கிருச்சு, 'இந்தப் பதிவை நீக்கவா?' ஆமா. வட்டம் நின்னுச்சு. எழுந்து ஜெரால்டு சார்கிட்டப் போனேன், அவர் கை கழுவிட்டிருந்தார், நான் சொல்லச் சொல்ல அவர் கை நனைஞ்சபடியே நின்னுச்சு, தண்ணி சொட்டிட்டே இருந்துச்சு. சொல்லி முடிச்சதும் அவர் பாத்தது என்ன இல்ல, என் பின்னாடி நின்ன செங்கமலம் அக்காவ. நான் எதிர்பாத்த பார்வைதான். "மேடம், நான் சின்னப் புள்ளைங்களப் பெத்தவன். இப்படிக் கதையெல்லாம் என் மகதான் சொல்லுவா." போட்டோவக் காட்டினேன். ஏழையும் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பாத்தார். "நல்லாத்தான் எடுத்திருக்கீங்க"ன்னார், அதுல பாராட்டு இல்ல. "நான் வீடியோ எடுப்பேன். நீங்க உங்க மேடத்துக்குப் போன் போடுங்க, நான் எங்க ஆபீசுக்குப் போடறேன். எல்லாத்தையும் எழுதுவேன். ஒண்ணும் விட மாட்டேன்." எழுதுங்க சார்னேன். பாலத்துக்கு ஓடினேன், முட்டி கெஞ்சுச்சு, உதவி இயக்குநர் மேடத்துக்குப் போன் போட்டு எல்லாத்தையும் சொன்னேன், அவங்க சொன்னது, "இசக்கி, நீ சொல்றது எனக்குப் புரியுது, பைல்ல எழுதினா யாருக்கும் புரியாது, தெரியும்ல?" "தெரியும் மேடம்." "கம்பெனி ஆள் முன்னாடி, நம்பர் விழுந்த எடத்துலயே, திரும்ப அறு. செவ்வாக்கிழம எழுத்து மூலமா விளக்கம் குடு. பறவைன்னு ஒரு வார்த்தை எழுதாத, அளவுப் பிழைன்னு எழுது." நான் சரின்னு சொல்லல. என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்ல. திரும்பி வந்தப்ப தூரத்துல ரோட்டுல அறுப்பு மெஷின் வர்ற சத்தம் கேட்டுச்சு.

மோருக்கு அப்புறம் நடந்ததெல்லாம் இப்ப பஸ்லதான் அடிக்கறேன், மணி ஆறு. கயிறு கட்டினோம். சேத்துல குச்சி ஒரே தட்டுல எறங்கிருச்சு. ஜெரால்டு சார் போன நீட்டிக்கிட்டு வரப்புலயே நின்னார், மெஷின்காரர் எஞ்சின நிறுத்திட்டு பீடியப் பத்த வச்சுக்கிட்டு வேடிக்க பாத்தார், "என்னங்க, அறுத்த வயலையே திரும்ப அறுக்கறீங்க, நாங்க எதுக்கு வந்தோம்?"னு கேட்டார். செங்கமலம் அக்காவே அருவாளோட எறங்கினாங்க, கூட அந்த ரெண்டு பொம்பளைங்க, அழுகின பயிர் அருவாள்ல சிக்காம வழுக்குது, தூக்கினா மொளவிட்ட நெல்லு பச்சையா தொங்குது. இருவத்தஞ்சு சதுர மீட்டர், அர மணி நேரம் கூட ஆகல. தெக்கு மேக்கு மூலைல ஒரு முழம் அளவு மட்டும் பாக்கி. அவன் உள்ள இருக்கான், கதிருக்கு நடுவுல அந்தக் கண்ணு தெரியுது. பொம்பளைங்க நிறுத்திட்டாங்க. நான் மனசுக்குள்ள கெஞ்சினேன், அக்கா, சீக்கிரம் அறுத்துருங்க, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். அவங்க அருவாளோட பிடிய என் பக்கம் நீட்டினாங்க. "இத நீயே அறும்மா." குத்தலா சொல்லல, பழி வாங்கற மாதிரியும் சொல்லல, இது உன் பங்குங்கற மாதிரி சொன்னாங்க. நான் குனிஞ்சேன். நாலு பிடி. மொதப் பிடி அறுத்தேன், அவன் ஸ்ஸ்ஸுன்னான். ரெண்டாவதுக்கு ரெக்கய விரிச்சான். மூணாவது பிடிக்கு என் கை அவன் மேலயே பட்டுச்சு, சூடா இருந்தான், இவ்வளவு சூடா இருப்பான்னு எந்தப் புத்தகத்துலயும் போட்டதில்ல. நாலாவதுக்குப் பறந்துட்டான். வாய்க்கால் கரைல போயி எறங்கி நின்னு இங்கயே பாத்தான். வெட்டவெளில நாலு முட்டை, கரண்ட் கம்பில ரெண்டு காக்கா. எடை அஞ்சு புள்ளி பூஜ்யம். பாலத்துக்குப் போயி அனுப்பியாச்சு, வட்டம் ஒரு சுத்துதான் சுத்துச்சு. அக்கா நன்றின்னு சொல்லல, சொல்லவும் கூடாது, மெஷின்காரர்கிட்ட அந்த மூலைய சுத்திப் போகச் சொன்னாங்க, அவர் பாதி சுத்தினார், பாதி ஏறிட்டார், நான் அதுக்கு மேல பாக்கல. செவ்வாக்கிழமைக்கு என்ன எழுதப் போறேன்னு இன்னும் தெரியல, ஆனா அளவுப் பிழைன்னு எழுத மாட்டேன், அளவு தப்பவே இல்ல. கையில இன்னும் அந்தச் சூடு இருக்கு, பஸ் கம்பியப் புடிச்சாலும் போகல. பக்கத்து சீட்டு அம்மா என் சட்டையில சேறப் பாத்து தள்ளி உக்காந்துட்டாங்க. உங்கள ஒண்ணு கேக்கட்டுமா, இவ்வளவு நேரம் படிச்சீங்கல்ல. ரொம்ப ஆசப்பட்ட ஒண்ணக் காப்பாத்தப் போயி, பக்கத்துல நின்னவங்க சோத்துல கை வச்சது உங்களுக்கும் நடந்திருக்கா? அப்படி நடந்தப்ப, அவங்க உங்களுக்கு மோர் கொண்டு வந்து குடுத்தாங்களா?